பள்ளிக்கூடங்களின் நகரம் – 9: செராஸ் சாலையின் ஆங்கிலப் பள்ளிகள்

சென்ற வாரம் பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியைப் பற்றிப் பேசினோம். அங்கே படித்த சிறுவர்களில் ஒருவர் ஆஸ்ட்ரோவை நிறுவிய அனந்தகிருஷ்ணன். தமிழ்ப்பள்ளியை முடித்ததும் அவர் போய்ச் சேர்ந்த இடம் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன். செராஸைப் பற்றிய இந்த வாரக் கதையையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

1893இல் நிறுவப்பட்ட பள்ளி அது. விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்காகத் திரட்டிய பணத்தில் மிஞ்சியதைக் கொண்டு, கிள்ளான் ஆற்றங்கரையில் கட்டினார்கள். பணம் போட்டவர்களில் சீனத் தலைவர் யாப் குவான் செங் இருந்தார். நம் தம்புசாமிப் பிள்ளையும் இருந்தார். பத்துமலைக் கோயிலோடு மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கும் அந்த மனிதர், கோலாலம்பூரில் எல்லா இனப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் ஆங்கிலம் படிக்க ஒரு பள்ளி வேண்டும் என்று பாடுபட்டவர்களில் ஒருவர். தமிழ்ப் பையனும் சீனப் பையனும் மலாய்ப் பையனும் அங்கே பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் எட்டிய பள்ளி என்று அதைச் சொல்ல முடியாது. தோட்டத்துப் பிள்ளைக்கும் கம்பத்துப் பிள்ளைக்கும் அது வெகு தொலைவில் இருந்தது. ஆனால் பட்டணத்தில் குமாஸ்தா வேலை பார்த்த அப்பாவால் அந்தக் கட்டணத்தைக் கட்ட முடிந்தது.

1970இல் ஆங்கிலப் பள்ளிகளில் முதலாம் ஆண்டு வகுப்பிலிருந்து மலாய் பயிற்றுமொழியானது. ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மாறி, எண்பதுகளின் தொடக்கத்தில் அரசாங்க ஆங்கிலப் பள்ளி என்ற ஒன்றே இல்லாமல் போனது. புதிதாக விடுதலை பெற்ற நாடு தன் மொழியில் பாடம் நடத்த விரும்பியதில் தவறு இல்லை. நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஆங்கிலத்தின் மேல் பெற்றோர்களுக்கு இருந்த ஆசை மட்டும் குறையவே இல்லை.

இதற்குள் அனைத்துலகப் பள்ளி என்ற இன்னொரு வகை இங்கே வேரூன்றிவிட்டது. 1946இல் ஆலிஸ் ஸ்மித் பள்ளி, 1951இல் கார்டன், 1965இல் ஐ.எஸ்.கே.எல். எனும் கோலாலம்பூர் அனைத்துலகப் பள்ளி. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்காக எழுந்தவை இவை. அந்த வகைப் பள்ளிகளில் உள்ளூர்ப் பிள்ளைகளை இஷ்டத்துக்குச் சேர்க்க முடியாது. மலேசியர்கள் 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பு இருந்தது. 2012இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள்.

2012 என்ற ஆண்டை வாசகர்கள் மறக்கக் கூடாது. கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தும் திட்டம் 2003இல் வந்தது. அதைப் படிப்படியாகக் கைவிடுவதற்கு அரசாங்கம் குறித்திருந்த ஆண்டும் இதே 2012தான். தேசியப் பள்ளியிலும் தமிழ்ப்பள்ளியிலும் ஆங்கிலம் பின்வாங்கிய நேரத்தில், காசு கொடுத்தால் ஆங்கிலம் என்ற வாசல் அகலத் திறந்தது. இன்று அனைத்துலகப் பள்ளி மாணவர்களில் பாதிக்கு மேல் மலேசியர்கள்.

அந்த அலை செராஸையும் தொட்டது. பாதி கூட்டரசுப் பிரதேசம், பாதி சிலாங்கூர். பழைய ரப்பர் தோட்டங்கள் தாமான்களாகவும் கொண்டோக்களாகவும் மாறிய நிலம். 1983இல் டாமன்சாரா ஹைட்ஸில் தொடங்கிய செம்பாக்கா இங்கேயும் வளாகம் வைத்திருக்கிறது. தாமான் கொனாட்டில் யூ.சி.எஸ்.ஐ. பல்கலைக்கழகம் இருப்பதால் அயல்நாட்டு முகங்கள் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 2017இல் காஜாங் வரை எம்.ஆர்.டி. முழுமையாக ஓடத் தொடங்கிய பிறகு பிள்ளையை அனுப்பும் தூரமும் சுருங்கிவிட்டது.

இங்கே மகனை அனைத்துலகப் பள்ளியில் சேர்த்திருக்கும் ஒரு தாயோடு பேசிக்கொண்டிருந்தேன். "எங்க பாட்டி பால்மரம் வெட்டுனாங்க, அம்மா ஃபேக்டரிக்குப் போனாங்க. என் புள்ள இங்கிலீஷ்ல நாலு பேர் முன்னாடி தடுமாறக் கூடாது அண்ணே" என்றார். அந்த ஆசையைப் பகட்டு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக் கட்டணம் 25,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டாலும் 11 ஆண்டுக்கு 2,75,000 வெள்ளி. பெரிய பள்ளிகளில் ஓர் ஆண்டுக் கட்டணமே ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. 60,000 வெள்ளிக்கு மேல் போனால் 2025 ஜூலையிலிருந்து 6 விழுக்காடு சேவை வரியும் உண்டு.

பலர் சேர்த்த பிறகே தெரிந்துகொள்ளும் விஷயம் இன்னொன்று. இந்தப் பள்ளிகளில் பெரும்பாலும் ஐ.ஜி.சி.எஸ்.இ. என்ற பிரிட்டிஷ் தேர்வுதான். அரசாங்க வேலைக்குப் போக நினைத்தால் எஸ்.பி.எம். மலாய் தாளில் கிரெடிட் கேட்பார்கள். அதனால் பிள்ளை அந்தத் தாளைத் தனியாக எழுத வேண்டிவரும். மெட்ரிகுலேஷன், எஸ்.டி.பி.எம். ஆகிய குறைந்த செலவுப் பாதைகளும் எஸ்.பி.எம். வழியாகப் போகிறவை. ஆக, ஏழு வயதில் எடுக்கும் முடிவு பதினெட்டு வயதுச் செலவையும் சேர்த்தே தீர்மானிக்கிறது. தமிழின் நிலை இன்னும் மோசம். தேசிய ஆரம்பப் பள்ளியில் 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்த 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் கேம்பிரிட்ஜின் ஐ.ஜி.சி.எஸ்.இ. பாடப் பட்டியலில் இந்திக்குத் தாள் உண்டு, தமிழுக்கு இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படிக்க வைத்துவிட்டு இடைநிலையில் மாற்றும் குடும்பங்களை எனக்குத் தெரியும். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல யோசனை; அனந்தகிருஷ்ணன் போன வழியும் அதுவே.

இனி, பல நாட்டுப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் ஆங்கிலத்தில் படிக்கும் வேறொரு பள்ளி. இதற்கு நீச்சல் குளம் கிடையாது, சீருடையும் பெரும்பாலும் கிடையாது. கோலாலம்பூரின் கடைவீடுகளின் மேல்மாடிகளில் அகதிக் குழந்தைகளுக்கான கற்றல் மையங்கள் நடக்கின்றன. 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிவானவர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர். பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்த ரொஹிங்கியா, சின் மக்கள். ஆப்கானியர், சோமாலியர், ஏமனியர், இலங்கைத் தமிழர் என்று மற்றவர்களும் உண்டு. அவர்களின் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளியில் இடமில்லை. சமூகங்களும் சமய அமைப்புகளும் தொண்டர்களும் சேர்ந்து நடத்தும் இந்த அறைகள்தான் அவர்களுக்குப் பள்ளி. இத்தனை மொழிகளுக்கு நடுவே பொதுவாக நிற்பது இங்கேயும் ஆங்கிலம்தான்.

நம் மக்கள் நிறைந்த செந்தூலில் 1998இல் தொடங்கிய டிக்னிட்டி ஃபார் சில்ட்ரன் அறக்கட்டளையைப் பார்த்தால் இது எவ்வளவு தூரம் போக முடியும் என்று தெரியும். எலிஷா சத்விந்தரும் அவர் மனைவி பெட்ரினாவும் ஏழைக் குழந்தைகளுக்காக ஆரம்பித்தது. இன்று அங்கே அகதிப் பிள்ளைகள் மழலை வகுப்பிலிருந்து ஐ.ஜி.சி.எஸ்.இ. வரை படிக்கிறார்கள். செராஸில் லட்சக்கணக்கில் கட்டும் பிள்ளைக்கு வரும் அதே கேம்பிரிட்ஜ் தாள்தான் இவர்களுக்கும்.

எல்லா மையங்களும் அந்த அளவுக்கு வளர்ந்துவிடவில்லை. பல இடங்களில் ஆரம்பக் கல்வியோடு நின்றுவிடுகிறது. தேர்வுவரை வந்துவிட்டாலும் ஒரு பாடத்துக்கே பல நூறு வெள்ளி கட்டணம். அப்பாவுக்குச் சட்டப்படி வேலை செய்ய உரிமையில்லாத வீட்டில் ஐந்து பாடத்துக்கு அந்தப் பணம் எங்கிருந்து வரும்? பதினான்கு வயதில் பையன் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவப் போய்விடுகிறான். பெண் பிள்ளை வீட்டோடு தங்கிவிடுகிறாள். எழுதித் தேறியவர்களில் சிலரைச் சில தனியார் பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்கின்றன. கோயில் திருவிழாவுக்கும் அன்னதானத்துக்கும் தாராளமாகக் கொடுக்கும் நம் சங்கங்கள், ஆண்டுக்கு ஐந்து பிள்ளைகளின் தேர்வுக் கட்டணத்தையாவது ஏற்கலாம். எந்த மையம் என்று தேடி அலைய வேண்டியதில்லை. உங்கள் தாமானின் கடைவீட்டு வரிசையிலேயே ஒன்று இருக்கலாம், படியேறிப் போய்க் கேளுங்கள்.

(தொடரும். அடுத்த வாரம்: கிள்ளான்)