வானலைக் கட்டுப்பாட்டு வண்டியின் சக்கரத் தாங்கிகளை மாற்றுதல்

வானலைக் கட்டுப்பாட்டு வண்டியின் சக்கரத் தாங்கி என்பது, அவ்வண்டியின் சக்கரம் குறைந்த உராய்வுடன் சுழல உதவும் சிறிய குண்டுத் தாங்கி ஆகும். பேச்சு வழக்கில் இது பேரிங் அல்லது பால்ரஸ் எனப்படுகின்றது. மணல், நீர், மசகின்மை ஆகியவற்றால் தேயக்கூடிய இவ்வுறுப்பு அவ்வப்போது மாற்றப்பட வேண்டியதாகும். மாற்றும் வேலை எளியது. ஆயினும் இதில் இரண்டு தவறுகள் பரவலாக நிகழ்கின்றன. ஒன்று, பழுதான தாங்கியுடன் வண்டியைத் தொடர்ந்து ஓட்டுதல். இதனால் தாங்கியுடன் அச்சும் இருக்கையும் சேர்ந்து கெடுகின்றன. மற்றொன்று, புதிய தாங்கியைத் தவறான வளையத்தில் அழுத்திப் பொருத்துதல். இதனால் புதிய தாங்கி ஓடத் தொடங்கும் முன்பே பழுதடைகின்றது.

அமைப்பும் பணியும்

குண்டுத் தாங்கியில் உள்வளையம், வெளிவளையம், அவற்றிடையே உருளும் எஃகுக் குண்டுகள், குண்டுகளைச் சம இடைவெளியில் நிறுத்தும் கூண்டு, தூசியைத் தடுக்கும் பக்க மூடிகள் ஆகியவை உள்ளன. இரு வளையங்களிலும் குண்டுகள் ஓடுவதற்கான வழவழப்பான பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும்.

நான்கு சக்கர இயக்க வண்டிகளில் சக்கரத்துடன் அச்சும் சுழல்கின்றது. அவற்றில் வெளிவளையம் நெகிழி அல்லது அலுமினிய இருக்கையில் அசையாமல் அமர்ந்திருக்க, உள்வளையம் அச்சுடன் சுழலும். பின்சக்கரங்கள் மட்டும் இயக்கப்படும் சில வண்டிகளில் முன் அச்சு சுழல்வதில்லை. அங்கு தாங்கிகள் முன்சக்கரத்தின் நடுத்துளையிலேயே பொருத்தப்பட்டிருக்கும். சக்கரம் பக்கவாட்டில் சாயாதிருக்க, பொதுவாக ஒவ்வொரு சக்கரத்துக்கும் உட்புறம் ஒன்று, வெளிப்புறம் ஒன்று என இரண்டு தாங்கிகள் அமைக்கப்படுகின்றன.

இச்சிறு தாங்கிகளின் சுழல் வேகம் மிகுதி. 65 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 204 மி.மீ. தொலைவு நகரும். வண்டி மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஓடினால், அச்சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,270 முறை சுழல வேண்டும். 60 செ.மீ. விட்டமுள்ள தானுந்துச் சக்கரம் அதே வேகத்தில் ஏறத்தாழ 354 முறையே சுழல்கின்றது. எனவே சிறு மணல் துகள் புகுந்தாலும் இவ்வகைத் தாங்கி விரைவில் தேய்கின்றது.

தொடக்கநிலைத் தொகுப்புகள் சிலவற்றில் குண்டுத் தாங்கிக்கு மாற்றாக, புஷ் எனப்படும் குண்டுகளற்ற வெற்று வளையங்கள் தரப்படுகின்றன. சப்பானிய நிறுவனமான டாமியா 2013 இல் வெளியிட்ட டிடி-02 வண்டியின் பல பதிப்புகள் இதற்கு எடுத்துக்காட்டு. இவ்வளையங்களை நீக்கிக் குண்டுத் தாங்கிகளைப் பொருத்துவது, அவ்வண்டியில் பலரும் செய்யும் முதல் மேம்பாடு ஆகும்.

அளவுகள்

தாங்கியின் அளவு உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் என்ற வரிசையில் மில்லிமீட்டரில் குறிக்கப்படுகின்றது. 1:10 அளவு வண்டிகளில் 5×11×4, 10×15×4 ஆகிய அளவுகள் பரவலாகக் காணப்படுகின்றன. தாங்கித் தொழிலில் இவை முறையே எம்ஆர்115, 6700 என்னும் எண்களால் அறியப்படுகின்றன. டாமியா இவற்றையே 1150, 1510 என எழுதுகின்றது. இவ்வெண்களில் முதலில் வருவது வெளிவிட்டம், அடுத்து வருவது உள்விட்டம் ஆகும்.

எம்ஆர்105 என்பது 5×10×4 அளவுடையது. இதன் உள்விட்டம் எம்ஆர்115 இன் உள்விட்டமே என்பதால், அச்சில் இது சரியாகப் பொருந்தும். ஆனால் 11 மி.மீ. இருக்கையில் 1 மி.மீ. தளர்ந்திருக்கும். எனவே வாங்குமுன் வண்டியின் கையேட்டைப் பார்க்க வேண்டும், அல்லது பழைய தாங்கியை வெர்னியர் அளவியால் அளக்க வேண்டும்.

மூடி வகைகள்

இசட்இசட் எனக் குறிக்கப்படுபவை இருபுறமும் உலோக மூடி கொண்டவை. இம்மூடி உள்வளையத்தைத் தொடுவதில்லை; ஆகவே உராய்வு குறைவு. ஆயினும் அவ்விடைவெளி வழியே நுண்தூசியும் நீரும் புகக்கூடும். 2ஆர்எஸ் எனக் குறிக்கப்படுபவை இருபுறமும் இரப்பர் மூடி கொண்டவை. இவை சற்று இறுக்கமாகச் சுழன்றாலும் தூசியை நன்கு தடுக்கின்றன. தூய தளத்தில் ஓடும் பந்தய வண்டிக்கு முதல் வகையும், மண்ணிலும் ஈரத்திலும் ஓடும் வண்டிக்கு இரண்டாம் வகையும் ஏற்றவை.

பழுதின் அறிகுறிகள்

வண்டியைத் தரையிலிருந்து தூக்கி, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுழற்றிச் சோதிக்கலாம். கரகரப்பு, விட்டுவிட்டுச் சிக்குதல் ஆகியவை குண்டுப் பாதை கெட்டதைக் காட்டும். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் மிகுந்திருந்தால், தாங்கி தேய்ந்திருக்கலாம், அல்லது இருக்கை விரிந்திருக்கலாம். தாங்கியின் ஓரத்தில் செந்நிறத் துரு கசிவது நீர் புகுந்ததன் அடையாளம்.

இவற்றைக் கவனியாமல் ஓட்டினால் கூண்டு உடைந்து குண்டுகள் சிதறக்கூடும். தாங்கி முற்றிலும் இறுகிவிட்டால், அச்சு உள்வளையத்துக்குள் வழுக்கிச் சுழன்று தேயும்; அல்லது வெளிவளையம் இருக்கைக்குள் சுழன்று வெப்பத்தை உண்டாக்கும். நெகிழி இருக்கை வெப்பத்தால் இளகி, வட்டத் துளை நீள்வட்டமாகிவிடும். அதன்பின் எத்தனை புதிய தாங்கிகளை மாற்றினாலும் ஆட்டம் தீராது.

கழற்றுதல்

1. மின்கலத்தின் இணைப்பை முதலில் நீக்க வேண்டும். மின்னோடி தற்செயலாக இயங்கினால் பற்சக்கரங்கள் விரலைக் காயப்படுத்தும்.

2. சக்கரத்தின் நடுவிலுள்ள, வழக்கில் நட்டு எனப்படும் மரையைப் பாக்ஸ் ஸ்பேனரால் கழற்ற வேண்டும். 1:10 வண்டிகளில் பெரும்பாலும் 7 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும்.

3. சக்கரத்தை நீக்கினால் அதன் பின்னே அறுகோணத் துண்டு தெரியும். 1:10 வண்டிகளில் இது பெரும்பாலும் 12 மி.மீ. அளவுடையது. அதன் பின்னே அச்சின் குறுக்கே சிறிய ஊசி ஒன்று செருகப்பட்டிருக்கும். இது எளிதில் விழுந்து தொலைந்துவிடும். ஆகவே வண்டியின் கீழே வெள்ளைத் துணி ஒன்றை விரித்து வேலை செய்தல் நன்று.

4. ஊசியை எடுத்தபின் அச்சை உட்புறமாக இழுக்க வேண்டும். மெல்லிய இடைவெளி வளையங்கள் இருந்தால், அவை இருந்த வரிசையைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

5. மழுங்கிய கம்பி அல்லது திருப்புளியை எதிர்ப்பக்கத் துளை வழியே நுழைத்து, தாங்கியின் விளிம்பைச் சுற்றிலும் மாறிமாறித் தட்டி வெளியேற்ற வேண்டும். ஒரே இடத்தில் தட்டினால் தாங்கி சாய்ந்து இருக்கையைக் கீறும். நெகிழி இருக்கையில் தாங்கி இறுகியிருந்தால், முடியுலர்த்தியால் சற்றுச் சூடேற்றலாம்.

இவ்வாறு வெளியேற்றும்போது விசை பெரும்பாலும் உள்வளையத்தின் மீதே விழும். ஆகவே பலமாகத் தட்டி எடுத்த தாங்கியை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

பொருத்துதல்

புதிய தாங்கியைப் பொருத்துமுன் இருக்கையைத் துணியால் துடைத்து மணலை அகற்ற வேண்டும். அச்சில் பள்ளம் விழுந்திருந்தாலோ, தாங்கி இருக்கையில் ஆடினாலோ அவ்வுறுப்பையும் மாற்றுவதே முறை. பசையிட்டு ஒட்டுவது தற்காலிகத் தீர்வு மட்டுமே. பசை குண்டுகளுக்குள் கசிந்தால் தாங்கி வீணாகும்.

பொருத்துதலின் அடிப்படை விதி: எந்த வளையம் இறுக்கமாக அமர வேண்டுமோ, அந்த வளையத்தின் மீதே அழுத்த வேண்டும். இருக்கையில் நுழைக்கும்போது வெளிவளையத்தையும், அச்சில் ஏற்றும்போது உள்வளையத்தையும் அழுத்த வேண்டும். தவறான வளையத்தை அழுத்தினால் விசை முழுவதும் குண்டுகள் வழியே கடக்கும். குண்டு வளையத்தைத் தொடும் பரப்பு மிகச் சிறியது. எனவே அங்கு அழுத்தம் மிகுந்து, பள்ளத்தில் நுண்ணிய குழிகள் விழும். இக்குழிகள் கண்ணுக்குத் தெரிவது அரிது. ஆனால் சுழற்றும்போது கரகரப்பாக உணரலாம்.

பெரும்பாலான நெகிழி இருக்கைகளில் கட்டைவிரலின் அழுத்தமே போதும். அது போதாவிடில், தாங்கியின் வெளிவிட்டத்தைவிடச் சற்றே சிறிய குழாய்த் துண்டை வெளிவளையத்தின் மீது வைத்து அழுத்தலாம். தாங்கி நேராக நுழைந்து, இருக்கையின் அடிவிளிம்பைத் தொடும்வரை செல்ல வேண்டும். சுத்தியலால் நேரடியாக அடிக்கக் கூடாது.

பின்னர் அச்சு, இடைவெளி வளையங்கள், ஊசி, அறுகோணத் துண்டு, சக்கரம் ஆகியவற்றைக் கழற்றிய வரிசைக்கு நேரெதிராக மீண்டும் பொருத்த வேண்டும். சில வண்டிகளில் மரையை அளவுக்கு மீறி இறுக்கினால் தாங்கிகள் பக்கவாட்டில் நெருக்கப்பட்டுச் சக்கரம் இறுகிவிடும். அவ்வாறாயின் சக்கரம் தடையின்றிச் சுழலும்வரை மரையைச் சற்றே தளர்த்த வேண்டும். மரையின் உள்ளே நைலான் வளையம் தேய்ந்திருந்தால் புதிய மரையைப் பொருத்த வேண்டும். இல்லையேல் ஓட்டத்தில் சக்கரம் கழன்றுவிடக்கூடும்.

பராமரிப்பு

நீரில் அல்லது சேற்றில் ஓட்டிய வண்டியை அன்றே உலர்த்தி, தாங்கிகளில் சில துளி மெல்லிய எண்ணெய் இட வேண்டும். இரப்பர் மூடியை மெல்லிய ஊசியால் நெம்பி எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்ககாலில் தாங்கியைக் கழுவி, உலர்ந்தபின் புதிய மசகிட்டு மூடலாம். கழுவிய தாங்கியை மசகின்றிச் சுழற்றக் கூடாது. கழுவியபின்பும் கரகரப்பு நீங்காத தாங்கியை மாற்றிவிட வேண்டும். அது தாங்கி நிற்கும் அச்சும் இருக்கையும் அதைவிட விலை கூடியவை.