இலக்கு கொஞ்சம் மங்கலாகவே இருக்கட்டும்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், துப்பாக்கி சுடுதலில் மனு பாக்கர் இரண்டு முறை வெண்கலம் வாங்கினார். இரண்டு முறையும் வெள்ளி வாங்கியவர்களின் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. ஒருவர் தென்கொரியாவின் கிம் யேஜி. ஒரு கண்ணுக்கு முன்னால் சின்ன வட்ட லென்ஸ், இன்னொரு கண்ணுக்கு ஒரு மறைப்பு, நெற்றியில் தொப்பி. இன்னொருவர் துருக்கியின் யூசுஃப் திகெச். 51 வயது, டி-ஷர்ட், ஒரு கை பேன்ட் பாக்கெட்டில், மூக்கில் பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர் போட்டிருக்கும் சாதாரணக் கண்ணாடி. இரண்டு பேர் கழுத்திலும் வெள்ளிப் பதக்கம்.

ஏற்கெனவே கண்ணாடி போட்டவர், துப்பாக்கி சுடப் பழகலாம் என்று நினைத்தால், இந்த இரண்டு படமும் அவரைக் குழப்பிவிடும். சிறப்புக் கண்ணாடி வேண்டுமா, இருப்பதே போதுமா? இதற்கு ஃப்ரேமைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. சுடும்போது கண் எதைப் பார்க்கிறது என்று தெரிந்தால் பதில் தானாக வந்துவிடும். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

பத்து மீட்டர் ஏர் பிஸ்டலை எடுத்துக்கொள்வோம். கையை முழுசாக நீட்டிப் பிடிக்கிறோம். பிஸ்டலின் பின்பக்கம், நடுவில் சதுரமாக வெட்டுவிட்ட ஒரு சிறு தகடு இருக்கும். அது ரியர் சைட். கண்ணிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர். குழலின் முனையில் நிமிர்ந்து நிற்கும் சின்னக் கட்டை ஃப்ரண்ட் சைட். அது கண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர். அதற்கும் அப்பால், 10 மீட்டர் தள்ளி, 17 சென்டிமீட்டர் சதுர அட்டை. அதன் நடுவில் 59.5 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம். பத்துப் புள்ளி தரும் வட்டம் அதற்குள்ளே 11.5 மில்லிமீட்டர்தான். ஆக, மூன்று பொருள்கள் மூன்று தூரத்தில். கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் கூர்மையாகப் பார்க்க முடியும். மற்ற இரண்டும் மங்கத்தான் செய்யும். எது மங்கலாம், எது மங்கக்கூடாது?

இங்கேதான் ஏறக்குறைய எல்லோரும் தடம் மாறுகிறார்கள். "சுடப்போவது அந்தக் கறுப்பு வட்டத்தை, அதனால் அதுதான் பளிச்சென்று தெரியணும்" என்பது நம் மனம் உடனே சொல்லும் பதில். கண் பரிசோதனைக்குப் போய், கடைசி வரி எழுத்து வரை படித்துக் காட்டி, தூரம் துல்லியமாகத் தெரியும் கண்ணாடியோடு திரும்புவோம். வண்டி ஓட்ட அதைவிட நல்ல கண்ணாடி கிடையாது. பிஸ்டல் சுட மட்டும் அது சரிவராது. கூர்மையாகத் தெரிய வேண்டியது ஃப்ரண்ட் சைட். இலக்கு மங்கலாகத்தான் தெரிய வேண்டும்.

முதல் தடவை கேட்கும்போது யாருக்கும் நம்பிக்கை வராது. வீட்டிலிருக்கும் டார்ச் லைட்டை எடுத்து எதிர்ச்சுவரில் அடித்துப் பாருங்கள். டார்ச்சைத் திருப்பாமல், கையை அப்படியே ஒரு விரற்கடை பக்கவாட்டில் நகர்த்தினால், சுவரில் வெளிச்சமும் ஒரு விரற்கடைதான் நகரும். கை இருந்த இடத்திலேயே இருக்க, டார்ச்சின் முனையை மட்டும் துளி திருப்புங்கள். வெளிச்சம் சுவரின் மறுமூலைக்கு ஓடிவிடும். பிஸ்டலிலும் இதே கதைதான். கை ஆடுவதால் பிஸ்டல் மொத்தமாக 1 மில்லிமீட்டர் நகர்ந்தால், குண்டும் 1 மில்லிமீட்டர்தான் தள்ளிப் போகும். பத்து, பத்தாகவே இருக்கும். ஆனால் ரியர் சைட்டோடு ஃப்ரண்ட் சைட் 1 மில்லிமீட்டர் கோணினால் கணக்கு வேறு. இரண்டுக்கும் இடையில் 32 சென்டிமீட்டர் என்று வைத்தால், அந்தக் கோணல் 10 மீட்டரில் 31 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் 8 மில்லிமீட்டர்தான். அதாவது ஏறக்குறைய நான்கு புள்ளி போச்சு.

ஆகவே சுடுபவர் காக்க வேண்டியது சைட்டுகளின் நேர்மையை. ரியர் சைட்டின் வெட்டுக்குள் ஃப்ரண்ட் சைட் கட்டை நிற்கும்போது அதன் இடமும் வலமும் மெல்லிய இரண்டு வெளிச்சக் கீற்றுகள் தெரியும். இரண்டும் ஒரே அகலம். கட்டையின் தலையும் வெட்டின் இரு தோள்களும் ஒரே மட்டம். கட்டையின் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால்தான் ஒரு கீற்று மயிரிழை தடித்தாலும் கண்ணுக்கு உறைக்கும். விளிம்பு கலங்கினால் கீற்றும் கலங்கும், கோணல் நமக்குத் தெரியாமலே போய்விடும். இலக்கின் சங்கதி அப்படியில்லை. மங்கலான வட்டமும் வட்டம்தான். அதன் நடு எங்கே, அடி எங்கே என்று நம் கண் நன்றாகவே கணித்துவிடும். இலக்கு கூர்மையாகத் தெரிவதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. பார்வை சைட்டை விட்டுவிட்டு அங்கே ஓடிப்போய் நின்றுகொள்ளும்.

இப்போது வயதுக்கு வருவோம். இருபது வயதுக் கண்ணுக்கு இதில் பெரிய சிரமமில்லை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளகியது. தூரத்துக்கான கண்ணாடி போட்டிருந்தாலும், ஒரு மீட்டரில் இருக்கும் ஃப்ரண்ட் சைட்டை நினைத்த மாத்திரத்தில் கூர்மையாக்கிக்கொள்ளும். வயது ஏற ஏற அந்த லென்ஸ் மெல்ல விறைக்கிறது, நாற்பதைத் தாண்டியதும் அது நமக்கு உறைக்கத் தொடங்குகிறது. பேப்பரைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படிக்கிறோமே, அந்த வெள்ளெழுத்துதான் சுடும் இடமான ரேஞ்சிலும் வந்து நிற்கிறது. தூரக் கண்ணாடியில் இலக்கு பளிச்சென்று தெரியும், ஃப்ரண்ட் சைட் கரைந்துவிடும். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர்.

சரி, படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொள்ளலாமா? அது 40 சென்டிமீட்டருக்கானது. அதில் இலக்கு மட்டுமல்ல, ஃப்ரண்ட் சைட்டும் கலங்கும். பைஃபோகலின் கீழ்ப்பாதிக்கும் இதே குறைதான். ப்ரோக்ரஸிவ் லென்ஸில் நமக்கு வேண்டிய தூரம் எங்கோ நடுவில் ஒரு குறுகலான பட்டையில் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் தலையை ஏற்றி இறக்கி அதைத் தேட வேண்டும். தலை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இருக்க வேண்டிய விளையாட்டுக்கு இது கொஞ்சமும் ஒத்துவராது. சுடுவதற்கு ஒரே பவர் கொண்ட லென்ஸ்தான் வேண்டும். இதில் நான் சமரசத்துக்கே இடம் தரமாட்டேன்.

அந்தப் பவர் எவ்வளவு? கணக்கு எளிது. லென்ஸின் பவரை டயாப்டர் என்ற அளவால் சொல்கிறார்கள். 1-ஐ மீட்டர் கணக்கிலுள்ள தூரத்தால் வகுத்தால் வருவது அது. ஒரு மீட்டரில் இருக்கும் சைட்டுக்கு 1 டயாப்டர். 10 மீட்டரில் இருக்கும் அட்டைக்கு 0.1. தூரக் கண்ணாடியின் பவரோடு முழு +1.00 சேர்த்தால் சைட் மிகக் கூர்மையாகும், ஆனால் இலக்கு அடி, விளிம்பு எதுவும் தெரியாமல் கரைந்துவிடும். பாதியை, அதாவது +0.50 சேர்த்தால், கண் கூர்மைப்படுவது 2 மீட்டரில். சைட் அதற்கு ஒரு பக்கம் 0.50 தள்ளி, இலக்கு மறுபக்கம் 0.40 தள்ளி. கண்பாவை சுருங்கியிருக்கும் நல்ல வெளிச்சத்தில் இந்தச் சிறு மங்கலை இரு பக்கமும் தாங்கிக்கொள்ளலாம். ஃப்ரண்ட் சைட் இருக்கும் தூரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குக் கண்ணாடி என்று இதைச் சுருக்கி வைத்துக்கொள்ளலாம். சைட் இன்னும் கூர்மையாக வேண்டும் என்பவர்கள் +0.75 வரை போகிறார்கள். பிஸ்டலுக்கு நானும் அந்தப் பக்கம்தான் சாய்வேன்.

கிட்டப்பார்வைக்காரர்கள் இங்கே ஒரு நிமிடம் நிதானிக்க வேண்டும். "சேர்ப்பது" என்றதும் பவர் ஏறும் என்று தோன்றும். மைனஸ் பவர் இதில் குறையும். தூரத்துக்கு −2.00 போடுபவர் +0.50 சேர்த்தால் சுடும் கண்ணாடி −1.50. சீட்டில் சிலிண்டர், ஆக்ஸிஸ் என்று எழுதியிருந்தால் அந்த இரண்டையும் தொடாமல் அப்படியே வைக்கச் சொல்லுங்கள். சிலிண்டர் என்பது கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாததைச் சரிக்கட்டும் பவர். சின்ன பவர்தானே என்று அதை விட்டுவிட்டால், கட்டையின் பக்க விளிம்பு கூர்மையாகவும் தலை விளிம்பு கலங்கலாகவும் தெரியலாம்.

கடைக்குப் போகுமுன் ஒரே ஒரு அளவு எடுத்தால் போதும். ரேஞ்சில் வழக்கம்போல நின்று, குண்டில்லாத பிஸ்டலை உயர்த்தி, கண்ணின் ஓரத்திலிருந்து ஃப்ரண்ட் சைட் வரை ஒரு நண்பரை டேப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணோடும், சமீபத்தில் எடுத்த தூரப் பவரோடும் கடைக்குப் போங்கள். பிஸ்டலை எடுத்துப் போக வேண்டாம். சோதனை ஃப்ரேமில் +0.25, +0.50, +0.75 என்று ஒவ்வொன்றாகப் போடச் சொல்லி, அதே தூரத்தில் ஒரு பேனாவின் முனையையும், எதிர்ச்சுவரில் ஒரு கறுப்பு வட்டத்தையும் மாறி மாறிப் பாருங்கள். பேனா முனை கூர்மையாகவும், வட்டம் மங்கினாலும் வட்டமாகவே நிற்பதாகவும் எந்த லென்ஸில் தெரிகிறதோ அது உங்களுடையது. இரண்டு லென்ஸுக்கு நடுவில் தடுமாறினால், இரண்டையும் ரேஞ்சின் வெளிச்சத்தில் பார்த்து முடிவுசெய்வதே மேல்.

பவர் முடிந்த பிறகுதான் ஃப்ரேம். லென்ஸின் நடுப்புள்ளி வழியாக, லென்ஸுக்கு நேர்க்குத்தாகப் பார்த்தால்தான் எழுதிக் கொடுத்த பவர் அப்படியே கிடைக்கும். ஓரம் வழியாகவோ சாய்வாகவோ பார்த்தால் இல்லாத சிலிண்டர் ஒன்று புதிதாக முளைக்கும். பிஸ்டல்காரர் தலையை நிமிர்த்தித் திருப்பிப் பார்ப்பதால், சாதாரண ஃப்ரேமிலேயே ஓரளவு சமாளித்துவிடலாம். ரைஃபிள்காரர் கன்னத்தை ரைஃபிளின் பின்கட்டையில் பதித்து, தலையைக் கவிழ்த்துப் பார்ப்பவர். அவர் பார்வை சாதாரணக் கண்ணாடியின் மூக்கோர மேல்மூலை வழியாகப் போகும். சில சமயம் ஃப்ரேமின் விளிம்பே குறுக்கே வரும். இதற்காகத்தான் நோப்லாக், சாம்பியன் போன்ற ஐரோப்பியத் தயாரிப்புகள். ஒரு கம்பிச் சட்டம், அதில் ஒற்றை வட்ட லென்ஸ். சிறு திருகுகளைத் தளர்த்தி லென்ஸை ஏற்றலாம், இறக்கலாம், மூக்குப் பக்கம் நகர்த்தலாம், சாய்க்கலாம். சுடும் நிலையில் நின்றுகொண்டு, லென்ஸின் நடு கண்ணுக்கு நேரே வரும்வரை நகர்த்தி முடுக்க வேண்டும். ரைஃபிளில் கண்ணுக்கு அருகிலுள்ள ரியர் சைட்டே ஒரு சிறு துளை. துளை வழியாகப் பார்க்கும்போது கூர்மை கூடும் என்பதால் அங்கே +0.25, +0.50 போதும்.

அந்தச் சட்டத்தில் மாட்டும் ஐரிஸ் என்ற சுருக்கி-விரிக்கும் துளையும் இதே வேலையைச் செய்கிறது. கையை லேசாக முஷ்டி பிடித்து அதன் நடுத் துவாரம் வழியாக மங்கலான எழுத்தைப் பாருங்கள், தெளியும். ஆனால் துளை சுருங்கச் சுருங்க வெளிச்சமும் குறையும். தவறான பவரை ஐரிஸால் மூடிமறைக்க முயல வேண்டாம்.

மறு கண்ணை இறுக்கி மூடாதீர்கள். முகத் தசை இழுபடும், பார்க்கிற கண்ணும் சேர்ந்து களைக்கும். அதன் முன்னால் ஒரு மறைப்பு போதும். போட்டி விதிப்படி அதன் அகலம் 30 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. கறுப்பைவிட, வெளிச்சம் ஊடுருவும் வெள்ளை மறைப்பு நல்லது. ஒரு கண் இருட்டில் இருந்தால் இரண்டு கண்பாவைகளும் சேர்ந்தே விரியும். பாவை விரிந்தால் மங்கல் கூடும். திகெச்சைப் போல இரண்டு கண்ணையும் திறந்துவைத்துச் சுட முடிபவர்களுக்கு மறைப்பே தேவையில்லை.

இவ்வளவும் அசையாத அட்டையைச் சுடுபவர்களுக்கு. ட்ராப், ஸ்கீட் என்று பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடுபவர்கள் இதைக் கேட்டு நடந்தால் கெட்டார்கள். அங்கே கண் தட்டின் மேல்தான் இருக்க வேண்டும், துப்பாக்கியின் மேல் அல்ல. இரண்டு கண்ணும் திறந்திருக்க, தூரப் பவர் முழுசாக வேண்டும். உடைந்த தட்டின் சில்லுகள் தெறிக்கும் இடம் அது. லென்ஸ் எளிதில் உடையாத பாலிகார்பனேட்டாக இருப்பது அவசியம், ஃப்ரேம் கன்னத்தின் ஓரம் வரை வளைந்து மூட வேண்டும்.