இஸ்திரி வண்டிக்கு வெயில் பிடித்த திருவண்ணாமலை மாணவி

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் தெருமுனைகளில் இஸ்திரி வண்டிக்காரரின் நாள் கரி மூட்டுவதில்தான் தொடங்கும். கரி கனிந்து பெட்டி சூடேறும்வரை விசிற வேண்டும். பிறகு நாள் முழுக்க அந்த அனலுக்கும் சாம்பலுக்கும் நடுவே நின்றே வேலை. தமிழ்நாட்டில் இப்படி எரியும் கரியில் ஒரு பகுதி ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் சீமைக்கருவேல மரத்தை வெட்டி, மூட்டம் போட்டு எடுப்பது. மழை பொய்த்த ஆண்டுகளில் அங்குள்ள மானாவாரி விவசாயிகள் பலருக்குக் கஞ்சி ஊற்றியது அந்த மூட்டம்தான். கரி சுடுபவர், தேய்ப்பவர் இருவருமே அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள்.

எல்லோரும் பார்த்துவிட்டுக் கடந்து போகும் இந்தக் காட்சியின் முன் நின்று யோசித்தவர் திருவண்ணாமலையைச் சேர்ந்த மாணவி வினிஷா உமாசங்கர். அப்போது அவருக்கு வயது 12.

கொட்டிய கரியில் பிறந்த கேள்வி

பள்ளிவிட்டு வரும் வழியில், எரிந்து முடிந்த கரியை இஸ்திரிக்காரர் ஒருவர் தரையில் கொட்டுவதை வினிஷா கண்டார். ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 5 கிலோ கரி ஆகும் என்று கணக்கிடப்படுகிறது. நாடு முழுவதும் எத்தனை வண்டிகள், எவ்வளவு கரி, அதற்கு எத்தனை மரங்கள் என்று அவர் மனம் கணக்குப் போட்டது. பாடப்புத்தகத்தில் உள்ளது போதாமல், கல்லூரி இயற்பியல் நூல்களையும் தேடிப் படித்தார்.

அப்படி உருவானதுதான் சூரிய சக்தி இஸ்திரி வண்டி. மிதிவண்டி போல ஓட்டிச் செல்லலாம். கூரையில் சோலார் தகடு, கீழே பேட்டரி, கரிப் பெட்டிக்குப் பதில் நீராவி இஸ்திரிப் பெட்டி. 5 மணி நேரம் நல்ல வெயிலில் நின்றால் 6 மணி நேரம் தேய்க்கலாம். மழைக்காலத்தில் சாதாரண மின்சாரத்திலும் பேட்டரியை ஏற்றிக்கொள்ளலாம். வண்டியிலேயே செல்போனுக்கு சார்ஜ் போட்டுக் கொடுத்து நாலு காசு கூடுதலாகச் சம்பாதிக்கவும் வழி வைத்தார்.

இந்த யோசனைக்கு 2019-ல் தேசியப் புத்தாக்க நிறுவனத்தின் அப்துல் கலாம் இக்னைட் விருது கிடைத்தது. மாதிரி வண்டியைச் செய்ய அந்த நிறுவனமே உதவியது. 2020-ல் சுவீடன் நாட்டின் சிறுவர் பருவநிலைப் பரிசு. 2021-ல் பிரிட்டன் இளவரசர் வில்லியம் தொடங்கிய எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்று. அதே ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசினார். வெற்று வாக்குறுதிகளைக் கேட்டு இளைய தலைமுறை கோபமாக இருக்கிறது, ஆனால் தனக்குக் கோபப்பட நேரமில்லை, செயலில் இறங்கவே விருப்பம் என்பதே அவர் பேச்சின் சாரம்.

எண்ணூருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வீட்டு மின்சாரத்தில் தேய்த்தால் புகை இல்லையே என்று தோன்றும். புகை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு யூனிட் அனல் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிய வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். எண்ணூரில் 1970-ல் தொடங்கிய பழைய அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் வடசென்னை அனல் மின் நிலையம் அத்திப்பட்டுப் பக்கம் இயங்குகிறது. சாம்பல் கரைசல் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படிந்து, இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த மீனவர்களின் வாழ்வைக் கெடுத்தது ஊரறிந்த செய்தி. சென்னையில் சுவிட்சைப் போட்டால் சாம்பல் எண்ணூரில் விழுகிறது. அதனால்தான் வெயிலில் ஓடும் வண்டிக்கு மதிப்பு.

இன்னும் தாண்ட வேண்டிய மேடு

தினக்கூலி போலச் சம்பாதிக்கும் இஸ்திரிக்காரருக்குச் சோலார் தகடு, பேட்டரியின் முதல் செலவு பெரிது. சோலார் பம்பு செட்டுக்கு மானியம் வந்த பிறகுதானே சிறு விவசாயிகள் துணிந்தார்கள்? இதற்கும் கடனோ மானியமோ கைகொடுத்தால்தான் வண்டி தெருவுக்கு வரும். கரி மூட்டத்தை நம்பிய குடும்பங்களுக்கும் மாற்று வழி வேண்டும். சீமைக்கருவேலை அகற்றிய நிலத்தில் சிறுதானியமோ, பசுந்தீவனமோ, பழமரமோ வைக்க உதவாமல், கரியை மட்டும் நிறுத்தச் சொல்வது நியாயமாகாது.

எர்த்ஷாட்டில் வினிஷா போட்டியிட்ட தூய காற்றுப் பிரிவில் 10 லட்சம் பவுண்டு பரிசை வென்றதும் ஓர் இந்திய முயற்சியே. டாகாசார் என்ற அந்த நிறுவனத்தின் கருவியை டிராக்டரில் பொருத்தி வயலுக்கே கொண்டுபோகலாம். வைக்கோல், தேங்காய் ஓடு போன்ற கழிவை எரிபொருளாகவும் உரமாகவும் மாற்றித் தரும். தாளடியைக் கொளுத்தும் விவசாயிகள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு

வினிஷாவிடம் முதலில் இருந்தது பணமல்ல, அடுத்தவர் படும் பாட்டைக் கவனிக்கும் கண். களை எடுக்கும் அம்மாவின் இடுப்பு வலி, மருந்தடிக்கும் அப்பாவின் கண்ணெரிச்சல், நெல் காயவைக்க இடமில்லாத தவிப்பு என நம் பிள்ளைகளும் தினம் பார்க்கிறார்கள். அவர்களுக்குத் தோன்றும் யோசனையைச் சிரித்து ஒதுக்காமல் ஒரு நோட்டில் படமாக வரையச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பு முதல் படிக்கும் மாணவர்களின் யோசனைகளை மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்துக்குப் பள்ளி வழியாக அனுப்பலாம். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். விவரத்தைத் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். விவசாயிகள் தாங்களே கண்டுபிடித்த கருவிகளையும் தேர்ந்தெடுத்த பயிர் ரகங்களையும்கூட தேசியப் புத்தாக்க நிறுவனத்துக்குத் தெரிவிக்கலாம்.