நெட்வொர்க் டிரைவில் அழித்த பைல் எங்கே போகிறது?

தவறுதலாக ஒரு பைலை அழித்துவிட்டால் என்ன செய்கிறோம்? ரீசைக்கிள் பின்னைத் திறந்து, பைல் மீது ரைட் கிளிக் செய்து, ரீஸ்டோர் கொடுக்கிறோம். பைல் பழைய இடத்திற்கே வந்துவிடுகிறது. இந்த தைரியத்தில் இருந்த நான், என் அப்பாவின் போட்டோக்களைத் தொலைக்க இருந்தேன்.

அப்பாவின் ஆல்பத்தைக் கரையான் அரித்துவிட்டது. நல்ல வேளையாக, அதற்கு முன்பே படங்களை ஸ்கேன் செய்திருந்தேன். பின்னர் நாஸ் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் நெட்வொர்க் ஸ்டோரேஜ் சாதனம் ஒன்றை வாங்கினேன். ஹார்ட் டிஸ்க்குகள் கொண்ட சிறிய பெட்டி இது. ரூட்டருடன் இணைத்துவிட்டால், வீட்டில் உள்ள எல்லா கம்ப்யூட்டர்களிலும் ஒரு டிரைவ் போலப் பயன்படுத்தலாம். படங்களை இதில் காப்பி செய்துவிட்டு, பழைய கம்ப்யூட்டரில் இருந்தவற்றை அழித்தேன்.

சில மாதங்கள் கழித்து, வேறு போல்டர் என நினைத்து இந்த போல்டரை நாஸிலிருந்து அழித்துவிட்டேன். நிரந்தரமாக அழிக்கவா என்று விண்டோஸ் கேட்டது. படிக்காமலேயே யெஸ் கொடுத்தேன். ரீசைக்கிள் பின்னில் தேடினால் ஒன்றுமில்லை.

காரணம் எளிது. விண்டோஸின் ரீசைக்கிள் பின், கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கும் டிரைவ்களுக்கானது. நெட்வொர்க் டிரைவில் அழிக்கும் பைல் அதற்குள் வராது. பைல்களை மீட்டுத் தரும் புரோகிராம்களும் இங்கே கை கொடுக்கவில்லை. அவை டிஸ்க்கை நேரடியாகப் படிக்க வேண்டும். நெட்வொர்க் வழியாக அது முடியாது.

என்னைக் காப்பாற்றியது பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டர். ஹார்ட் டிஸ்க்கில் பைலை அழிக்கும்போது, விண்டோஸ் அந்த இடத்தைக் காலி என்று குறித்துக் கொள்கிறது, அவ்வளவுதான். வேறு பைல் அங்கே எழுதப்படும் வரை பழைய தகவல் அப்படியே இருக்கும். அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்து, போட்டோரெக் என்ற இலவச புரோகிராமை இயக்கினேன். பெரும்பாலான படங்கள் கிடைத்தன. பைல் பெயர்கள் போய்விட்டன. சில படங்கள் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக இருந்தன.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால், அந்த டிஸ்க்கில் உடனே எழுதுவதை நிறுத்தவும். மீட்பு புரோகிராமை அதில் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். மீட்ட பைல்களையும் வேறு டிஸ்க்கில் சேமிக்கவும். எஸ்.எஸ்.டி. டிரைவ் என்றால் நம்பிக்கை குறைவு. அழித்த இடத்தை டிரிம் என்ற வசதி விரைவில் துடைத்துவிடும்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை:

1. நாஸ் சாதனங்களில் தனி ரீசைக்கிள் பின் வசதி உண்டு. சைனாலஜியில் ஒவ்வொரு ஷேர்டு போல்டருக்கும் இதனை இயக்கலாம். # குறியுடன் ரீசைக்கிள் என்ற போல்டர் கிடைக்கும். கியூநாப்பில் @ குறியுடன் இருக்கும். உங்கள் சாதனத்தில் இது இயக்கத்தில் உள்ளதா என்று செட்டிங்ஸில் பார்க்கவும்.

2. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவலை எழுதும் ரெய்டு 1 முறையை பேக்கப் என எண்ண வேண்டாம். ஒரு டிஸ்க் பழுதானால் அது உதவும். நீங்கள் அழித்தால் இரண்டிலும் அழிந்துவிடும்.

3. நாஸில் இருப்பதையும் வேறிடத்தில் காப்பி எடுக்கவும். 2021 ஜூனில், இன்டர்நெட்டில் இணைந்திருந்த வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் சாதனங்கள் பலவற்றில் விஷமிகள் புகுந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டனர். மூன்று காப்பிகள், இரண்டு வகை சாதனங்கள், ஒரு காப்பி வீட்டுக்கு வெளியே என்பது நல்ல விதி. யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்ததும் அதனைக் கழற்றி வைக்கவும். உறவினர் வீட்டிலும் ஒன்றைக் கொடுத்து வைக்கலாம்.

4. முழுமையான காப்பி எடுத்து, அதனைத் திறந்து பார்த்த பிறகே மூல பைலை அழிக்கவும்.

இன்று ஒரு சோதனை செய்திடுங்கள். நாஸில் தேவையற்ற ஒரு சிறிய பைலை உருவாக்கி, அழித்து, மீட்டுப் பாருங்கள். மீட்க முடியவில்லை என்றால், முக்கியமான பைல் அழியும் முன்பே அது தெரிந்ததே நல்லது.