எந்தப் பக்கமும் இல்லாத வட்டு

புதுச்சேரியின் கருவடிக்குப்பத்துத் தோப்பில் பிறந்த குயில் பாட்டுக்கு இனி அழிவில்லை. அச்சேறி வீடுவீடாகப் போய்விட்டது. என் புத்தகத்தைக் கரையான் அரித்தாலும் உங்களுடையது இருக்கும். அதே புதுச்சேரியில், கடலைப் பார்த்து நிற்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சுவடிகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 1955இல் ழான் ஃபிலியோசா தலைமையில் தொடங்கிய நிறுவனம் அது. அங்கும் தூரகிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியிலும் சேர்ந்த சுமார் 11,000 சைவச் சுவடிகளை, 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியலில் ஏற்றியது. ஓலை நைந்துபோகும், பூச்சி துளைக்கும். அதனால் முன்னோர் படியெடுத்தார்கள். இன்று படம்பிடித்துக் கணினியில் ஏற்றுகிறார்கள்.

ஆனால் அந்தப் படங்கள் போய்ச் சேரும் ஹார்ட் டிஸ்க்கின் ஆயுள், ஓலையின் ஆயுளோடு ஒப்பிடவே முடியாதது. நல்ல ஓலை சில நூற்றாண்டு தாங்கும். ஓயாமல் சுழலும் வட்டு சில ஆண்டுகளிலேயே படுத்துவிடலாம்.

எல்லாவற்றையும் இரண்டு வட்டில் எழுதலாம். செலவும் இரட்டிப்பாகும். இதைவிடச் சிக்கனமான வழிகளை 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் வகைப்படுத்தி, ‘ரெய்டு’ என்று பெயரிட்டார்கள். அதிலுள்ள ஒரு கணக்கு எனக்கு இன்றும் வியப்புத்தான்.

மூன்று வட்டுகளில் ஒரே இடத்தில் 1, 0, 0 என்று இருக்கிறது. நான்காவது வட்டில் அந்த இடத்தில் என்ன எழுதுவது? மொத்தத்தில் ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வர வேண்டும் என்பதே விதி. ஆகவே 1. இப்போது முதல் வட்டு செத்துவிட்டது என்று வையுங்கள். மிஞ்சியவை 0, 0, 1. இரட்டைப்படை ஆக்க ஒரு 1 தேவை, தொலைந்தது 1தான். எந்த வட்டு போனாலும் இப்படியே கண்டுபிடிக்கலாம். நான்காம் வட்டில் எந்தச் சுவடியின் எந்தப் பக்கமும் இல்லை. அதைத் தனியே திறந்தால் வெறும் குப்பை. ஆனாலும் மற்ற மூன்றில் எது போனாலும், எஞ்சிய இரண்டோடு சேர்ந்து அதை முழுதாக மீட்டுத் தரும். படிப்பவருக்கு வட்டு போனதே தெரியாது. சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆபத்து அதற்குப் பிறகுதான். புது வட்டைச் செருகி நிரப்ப, பெரிய வட்டாக இருந்தால் நாள் கணக்கில்கூட ஆகும். அந்நேரத்தில் மற்ற வட்டுகள் எல்லாம் முழுமூச்சாகப் படிக்கப்படுகின்றன. பெரும்பாலும் அவை ஒன்றாக வாங்கப்பட்டு, ஒரே வெக்கையில் ஒரே வயதை எட்டியவை. இன்னொன்றும் போனால் எல்லாம் போச்சு. அதனால்தான் இரண்டு வட்டு இழப்பைத் தாங்கும் ‘ரெய்டு 6’ வந்தது.

ரெய்டையே பேக்கப் என்று நம்பும் அலுவலகங்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. தவறுதலாக அழித்த கோப்பு எல்லா வட்டிலும் அதே நொடியில் அழியும். நெருப்புக்கும் வெள்ளத்துக்கும் கணக்கு தெரியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் படி இல்லாத சுவடிகளும் சாம்பலாயின. புதுச்சேரி 2011இல் தானே புயலையும் 2024இல் ஃபெஞ்சலையும் கண்ட கடற்கரை. இங்குள்ள சர்வருக்கு ரெய்டும் வேண்டும், கடலுக்கு எட்டாத வேறொரு ஊரில் தனிப் படியும் வேண்டும். அந்தப் படியை அவ்வப்போது திறந்து, பக்கங்கள் சரியாக வருகின்றனவா என்று யாராவது பார்க்கவும் வேண்டும்.