நடுக்கடலைவிடக் கரையோரத்தில் பாய்மரத் தோணிக்கு ஆபத்து அதிகம், ஏன்?

தூத்துக்குடியிலிருந்து சரக்கேற்றிக் கொழும்பு நோக்கிச் சென்ற பாய்மரத் தோணிகளை அறிந்த விருதுநகர், சிவகாசி வாசகர்களே, மாலுமி கரையைக் கண்டு அஞ்சுவது உங்களுக்கு விந்தையாகத் தோன்றுகிறதா?

மழைக்காலத்துக் கரிசல் பாதையில், முன்வண்டியின் சக்கரம் சேற்றில் அழுந்தி வேகம் குன்ற, பின்வண்டிகள் பழைய வேகத்திலேயே வந்து நெருக்கியடிக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அவ்விதமே, ஆழங்குறைந்த இடத்தில் முன்னலை மந்தகதி அடைய, பின்னலை நெருங்கிவந்து, நீர் வேறு வழியின்றி மேலெழும்பி, உச்சி முன்சாய்ந்து உடைந்து விழுகிறது.

அலை மட்டுந்தானா? கொண்டல் என்னும் கீழைக்காற்று கரைநோக்கி வீசுகையில், காற்றுக்கு நேரெதிராகச் செல்லும் சக்தி பாய்க்கு இல்லாமையால், தோணி மலைப்பாதை வண்டியைப்போல் வளைந்து வளைந்தே விலக வேண்டும். அப்பொழுதெல்லாம் காற்று அதனைச் சிறிது சிறிதாகக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டேயிருக்கும்.

நடுக்கடலில் அத்தள்ளலுக்கு இடமுண்டு. மன்னார் வளைகுடாவிலோ, தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளும், அவற்றைச் சூழ நீருக்கடியில் மறைந்த பவளப்பாறைகளும் இருக்கின்றன. கரையைக் கண்டும் கரைசேர இயலாத அந்நிலையை எண்ணுகையில் என் நெஞ்சம் பதைக்கிறது.

பாறையில் ஒருமுறை மோதினாலே மரப்பலகை பிளந்துவிடக்கூடும் என்பதால்தான், கரையை நோக்கிக் காற்று வலுப்பதைக் கண்ட அனுபவசாலி, நேரமிருக்கும்போதே தோணியை ஆழ்கடல் பக்கம் திருப்புகிறான்.