பெரிய வீட்டுக்குப் பாதுகாப்பு: கேமரா வாங்கும் முன்



நம் கடற்கரை ஊர்களில் வீடுகள் பெரியவை. தலைவாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் முடுக்கில் திறக்கும். நடுவில் முற்றம், மேலே மொட்டை மாடி. ஆண்கள் சபுரில் இருப்பதால் பல வீடுகளில் இரவு தங்குவது வயதான உம்மாவும், ஒரு மகளும், பேரப்பிள்ளைகளும்தான். கல்யாணம் நெருங்கினால் நகையும் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதனால் கேமரா வைப்பது பற்றி எங்களிடம் விசாரிக்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.

கடைக்குப் போனால் முதல் கேள்வி, "எத்தனை கேமரா வேண்டும்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்வதற்கு முன், மஃரிபுக்குப் பிறகு ஒருமுறை வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து உங்கள் மாடிக்குத் தாண்ட முடிகிறதா? மாடிப்படிக் கதவு வெறும் தகரமா? முற்றத்தின் மேல் கம்பி போட்டிருக்கிறதா? பின்வாசலில் ஏணி சாத்திக் கிடக்கிறதா? தலைவாசலைத்தான் எல்லோரும் பூட்டுகிறோம். திருட வருகிறவன் தேடுவது மற்ற வழிகளை.

பணத்தை முதலில் கதவுகளில் போடுங்கள். பழைய தேக்குக் கதவு உறுதியாகத்தான் இருக்கும். உப்புக்காற்றில் துருப்பிடித்து விட்டுப்போவது தாழ்ப்பாளும் திருகும்தான். அவற்றை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாற்றி, பின்கதவுக்கு உள்ளே ஒரு குறுக்குக் கம்பி போடுங்கள். மாடிப்படிக்கு இரும்பு கிரில் கதவு வையுங்கள். ஆனால் அதன் சாவி வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். தீப்பிடித்தால் வெளியேறும் வழியும் அதுதான்.

கதவுக்கு அடுத்து வெளிச்சம். ஆள் நடமாட்டம் கண்டால் தானே எரியும் விளக்கு, பின்பக்கத்துக்கும் மாடிக்கும் ஒவ்வொன்று போதும்.

கேமரா இதற்குப் பிறகுதான். அது நடந்ததைப் பதிவு செய்யும், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்காது. தலைவாசல், வண்டி நிறுத்துமிடம், மாடிப்படி, பக்கச் சுவர் என நான்கு இடங்கள் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். எட்டு அல்லது ஒன்பது அடி உயரத்தில் வைத்தால் முகம் தெரியும். பதினைந்து அடியில் வைத்தால் வந்தவனின் தொப்பிதான் பதிவாகும்!

பின்வாசல்தான் சிக்கலான இடம். வீட்டில் பலவீனமான பக்கம் அதுவே. ஆனால் முடுக்கு நம் பெண்கள் வீட்டு உடையிலேயே அக்கம்பக்கம் போய்வரும் வழி. அங்கே கேமரா வைத்தால் அடுத்த வீட்டுப் பெண்களும் அவர்களுக்குத் தெரியாமலே பதிவாகிறார்கள். அந்தப் படத்தைப் பழுது பார்க்க வருகிற பையனும் பார்க்கலாம். வெளிநாட்டில் ஒரே அறையில் தங்கியிருக்கும் ஆறு பேரில் யாருடைய போனிலும் அது திறக்கலாம். பிறர் வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. கேமராக் கண்ணால் நுழைவதும் நுழைவதுதான் என்பது எங்கள் கருத்து. பின்கதவுக்குக் காந்த சென்சாரும் சைரனும் போதும். கதவு திறந்த நொடியில் அலறும், யாரையும் படம் பிடிக்காது. பக்கச் சுவர்க் கேமராவில் அண்டை வீட்டு ஜன்னல் விழுந்தால், அந்தப் பகுதியை மட்டும் கறுப்பாக்கும் 'பிரைவசி மாஸ்க்' வசதியைப் போட்டுத்தரச் சொல்லுங்கள்.

கூடத்திலும் அறைகளிலும் கேமரா வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வீட்டைப் பார்க்க ஆசைப்படும் சகோதரர்கள், வீட்டில் இருக்கும் பெண்களிடம் முதலில் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

இனி சில கணக்குகள். இரண்டு மெகாபிக்சல் கேமரா ஒன்று, நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 21 ஜிபி ஆகும். நான்கு கேமராவுக்கு 2 டிபி ஹார்ட் டிஸ்க் இருந்தால் மூன்று வாரப் பதிவு நிற்கும். ஊருக்குப் போய் பத்து நாள் கழித்து வருகிறவர்களுக்கு இது முக்கியம். பதிவுப் பெட்டியைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பூட்டிய அலமாரிக்குள், காற்றோட்டத்தோடு இருக்கட்டும். அதையும் மோடத்தையும் இன்வெர்ட்டர் இணைப்பில் கொடுத்துவிடுங்கள், மின்சாரம் போன நேரத்தில்தான் தேவைப்படும். பொருத்தியவர் வைத்த கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றுங்கள்.

நகைக்கு வங்கி லாக்கர்தான் நல்லது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, திருட்டு, தீ, ஊழியர் மோசடி போன்றவற்றால் பொருள் போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். நகையின் மதிப்பு அதற்கு மேல் என்றால் தனியாகக் காப்பீடு பற்றி விசாரியுங்கள்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு உம்ராவுக்கோ கல்யாணத்துக்கோ போவதாக இருந்தால், காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பயணப் படங்களைத் திரும்பி வந்தபின் வாட்ஸ்அப்பில் போடலாம். உம்மாவின் போனில் 112 என்ற எண்ணையும், எதிர்வீட்டு எண்ணையும் ஒரே பொத்தானில் அழைக்கும்படி வைத்துக் கொடுங்கள். சைரன் அலறினால் முதலில் யார் ஓடிவருவது என்று எதிர்வீட்டாரிடம் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.